சோறு போட்ட வீட்டின் ஹக் – ஜும்ஆ பயான், ஆரல்வாய்மொழி

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

 

இந்த வாரம் வேறொரு தலைப்பில் பேசுவதாகப் போன ஜும்ஆவில் சொல்லியிருந்தேன். அதை ஒரு வாரம் தள்ளி வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை இஷா முடிந்த பிறகு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த நாலு பேர் என் அறைக்கு வந்தார்கள். கோபமாக வரவில்லை, கவலையோடு வந்தார்கள். "உஸ்தாதே, அடுத்த வாரம் நம்ம தெருவில் ஒரு வீட்டுக்கு அமெரிக்காக்காரங்க வந்து தங்கப் போறாங்களாம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் கிறிஸ்தவங்க. ஏழு நாள் இருப்பாங்களாம். இது சரியா? ஜமாஅத் இதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள்.

யார் வீடு என்று உங்களில் பலருக்குத் தெரியும், அதனால் பெயர் சொல்லவில்லை. அந்தப் பையன் இப்போது முன் ஸஃப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். தலையைக் குனிந்துகொண்டான் பாருங்கள். நீ தலை குனிய ஒன்றுமில்லை மோனே.

வருகிறவர்கள் யார் என்றால், 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூன் மாதம் வரை பத்து மாதம் அந்தப் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்கள். அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கவும் கூடாது, அந்தத் திட்டத்தின் சட்டமே அப்படி.

திட்டம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் இடிந்த பிறகு, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அழைத்து ஒரு வருஷம் படிக்க வைக்கலாம் என்று 2002இல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் போட்டது. கென்னடி, லூகர் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரில் நடக்கிறது. நம் நாட்டில் அதை நடத்துவது ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு. அதன் ஆரம்பம் முதல் உலகப் போரில் அடிபட்டவர்களைத் தூக்கிப்போட ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள். இரண்டு போரையும் பார்த்துவிட்டு 1947இல் பள்ளிப் பிள்ளைகளை நாடு மாற்றி, வீடு மாற்றி வளர்க்கும் வேலையில் இறங்கினார்கள். ஹாஸ்டல் கிடையாது. ஒரு குடும்பம் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்கள் மேல் குற்ற வழக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பார்கள். பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது ஒரு பொறுப்பாளர் அந்தப் பிள்ளையிடம் பேசி, நல்லபடி இருக்கிறாயா என்று கேட்க வேண்டும்.

இந்தப் பையன் எட்டாம் வகுப்பிலிருந்து சென்னையில் மாமா வீட்டில் இருந்து படித்தவன். பள்ளிக்கூடம் மூலம் எழுதிப்போட்டான், கிடைத்துவிட்டது. அவன் வாப்பாவைத் தெரியுமல்லவா, முப்பந்தல் பக்கம் காற்றாடிக்கு எலக்ட்ரீஷியன். ஒருநாள் சுப்ஹு முடிந்து என்னிடம் வந்து, "உஸ்தாதே, அனுப்பலாமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அனுப்பாதீங்க" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. பதினாறு வயசுப் பிள்ளை, அன்னியர் வீடு, ஹராமான சாப்பாடு, நாய், மது, ஈமான் என்ன ஆகும் என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் போனார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் என்னுடைய பழைய உஸ்தாதுக்கு ஃபோன் செய்தேன். எண்பது வயதை நெருங்குகிறவர், கேரளாவில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன், என் பதிலையும் சொன்னேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ ஓதின காலத்துல உனக்குச் சோறு போட்டது யாரு?"

அல்லாஹ்வின் நல்லடியார்களே! இங்குள்ள வாலிபர்களுக்கு இது தெரியாது. அரபிக் கல்லூரியில் சேருவதற்கு முன்னால் நான் கேரளாவில் ஒரு பள்ளிவாசல் தர்ஸில் நாலு வருஷம் ஓதினேன். போகும்போது எனக்குப் பதிமூன்று வயது. அந்தக் காலத்து தர்ஸில் சமையல் கிடையாது. ஓதும் பிள்ளைகளை மஹல்லாவில் உள்ள வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்று வேளையும் அந்த வீட்டில் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். அங்கே அதைச் செலவுக்குடி என்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு விதவைத் தாயின் வீடு. எனக்கு அவர்கள் பேச்சு புரியாது, என் பேச்சு அவர்களுக்குப் புரியாது. முதல் வாரம் சோற்றைப் பார்த்துக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டில் உம்மா வைக்கிற தீயல் வேண்டும் என்று சைகையில் கேட்டிருக்கிறேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாய் பக்கத்து வீட்டில் யாரையோ கேட்டு, பத்தாம் நாள் தீயல் மாதிரி ஒன்று வைத்தார்கள். தீயல் இல்லை அது. ஆனால் வைத்தார்கள்.

காய்ச்சல் வந்தபோது கஞ்சியைப் பள்ளிவாசல் படி வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். நாலு வருஷம். அதற்குப் பிறகு நான் அரபிக் கல்லூரிக்குப் போனேன், ஸனது வாங்கினேன், நிக்காஹ் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும், ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று இருபது வருஷம் ஓடியது. இங்கிருந்து எவ்வளவு தூரம்? காலையில் ரயில் ஏறினால் அஸருக்குள் போய்விடலாம். நான் போகவில்லை. உஸ்தாது அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு, அந்தத் தாய் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது மவுத்தாகி என்றார்.

அவர்களாவது நம் தீனைச் சேர்ந்தவர்கள், ஓதும் பிள்ளைக்குச் சோறு போட்டால் நன்மை என்று நினைத்துப் போட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி. அப்படியென்றால் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் வாழ்க்கைக்குப் போவோம்.

நம் நாயகம் (ஸல்) அவர்களே பிறர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதை நாம் மவ்லிதில் கேட்டுவிட்டுக் கடந்து போய்விடுகிறோம். மக்காவின் குடும்பங்கள் பால்குடிப் பிள்ளைகளைப் பாலைவனத்துக் கோத்திரங்களிடம் ஒப்படைப்பது வழக்கம். நல்ல காற்று, கலப்பில்லாத அரபு மொழி, உடம்புக்கு உறுதி. இதற்காகப் பெற்ற தாய் பிள்ளையைப் பிரிந்து இருந்தாள். பனூ ஸஅத் கோத்திரத்து ஹலீமா (ரலி) அவர்களின் கூடாரத்தில் நாயகம் நாலைந்து வருஷம் இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஆடு மேய்த்தார்கள். அப்போது அந்த வீட்டில் இஸ்லாம் இல்லை.

இப்போது ஐம்பத்தைந்து வருஷம் தாண்டி வாருங்கள். ஹிஜ்ரி 8, ஹுனைன் யுத்தம் முடிந்திருக்கிறது. எதிரிகள் யார்? ஹவாஸின் கூட்டத்தார். பனூ ஸஅத் என்பது அந்த ஹவாஸினில் ஒரு கிளை. பெண்களும் பிள்ளைகளுமாக ஆறாயிரம் பேர் கைதிகளாக ஜிஃரானாவில் இருக்கிறார்கள் என்று ஸீரா ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹவாஸினின் தூதுக்குழு வருகிறது. அவர்களில் ஒருவர் எழுந்து, இந்த அடைப்புகளுக்குள் இருப்பவர்கள் யாரோ அல்ல, உங்களைத் தூக்கி வளர்த்த உங்கள் சிறிய தாய்மார்களும் மாமிமார்களும்தான் என்ற கருத்தில் பேசுகிறார்.

நாயகம் (ஸல்) என்ன செய்தார்கள்? தங்கள் பங்கையும் தங்கள் குடும்பத்தார் பங்கையும் உடனே விட்டுக்கொடுத்தார்கள். பிறகு மக்களிடம் கேட்டார்கள். உத்தரவு போடவில்லை, கேட்டார்கள். கூட்டத்தில் கேட்டால் வெட்கத்துக்குத் தலையாட்டுவார்கள் என்பதால், ஒவ்வொரு கூட்டத்தின் பொறுப்பாளரும் போய்த் தனித்தனியே சம்மதம் கேட்டு வந்து சொல்லுங்கள் என்றார்கள். அத்தனை பேரும் விடுதலை. அதே சமயத்தில் வளர்ப்புச் சகோதரி ஷைமா அழைத்து வரப்பட்டார்கள். சின்ன வயதில் நாயகம் விளையாட்டாகக் கடித்த தழும்பைக் காட்டினார்கள் என்றும், நாயகம் தங்கள் மேலாடையை விரித்து அதில் உட்கார வைத்தார்கள் என்றும் ஸீராவில் வருகிறது.

நாலு வருஷச் சோற்றுக்கு ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ஆறாயிரம் பேர். நான் இருபது வருஷத்தில் ஒரு ரயில் டிக்கெட் எடுக்கவில்லை.

அன்று மாலையே அவன் வாப்பாவின் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அவன் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "உஸ்தாதே, அந்தப் பொம்பளையை என் மோன் அம்மான்னு கூப்பிடுவானாமே, அது கூடுமா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பெற்ற வயிறு கேட்கிற கேள்வி. அஹ்ஸாப் சூராவில் அல்லாஹ், வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தகப்பனின் பெயராலேயே அழைக்கக் கட்டளையிடுகிறான். வம்சத்தை மாற்றக்கூடாது என்பதுதான் அங்கே சட்டம். வயதில் மூத்த பெண்ணை மரியாதைக்கு அம்மா என்று அழைப்பது வம்சத்தை மாற்றுவது ஆகாது. நம் ஊரில் காய்கறி விற்கிற அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறோம்? பையன் கடைசியில் அந்தப் பெண்மணியைப் பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டுத்தான் கூப்பிட்டானாம். அவன் உம்மாவுக்காக அப்படிச் செய்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

போன இடம் ஐயோவா என்கிற மாநிலம். அங்கே இறங்கி முதலில் அவன் பார்த்தது என்ன தெரியுமா? காற்றாடி! அந்த மாநிலத்து மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்துதான் வருகிறது. சோளக்காடு முழுக்கக் காற்றாடி. வாப்பாவுக்கு முதல் ஃபோட்டோ அதைத்தான் அனுப்பினான். ஆரல்வாய்மொழிப் பிள்ளையை அல்லாஹ் எங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறான் பாருங்கள்.

போவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அது அந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம். அதில் தான் எதைச் சாப்பிட மாட்டேன், ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுவேன், ஒரு மாதம் நோன்பு வைப்பேன் என்று நேராக எழுதச் சொன்னேன். எழுதினான். வெட்கப்பட்டு மறைத்திருந்தால் முதல் நாளே சங்கடம். இவன் போய்ச் சேரும்போது, அவர்கள் தனியாக ஒரு வாணலி வாங்கி அவன் பெயரை ஒட்டி வைத்திருந்தார்கள். இறைச்சியில் சந்தேகம் வந்தால் மீன், முட்டை, காய்கறி என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். சாப்பாட்டு மேசையில் மது பரிமாறினால் அங்கே உட்காரக் கூடாது என்பது நபிமொழி. அதை அந்த வீட்டு மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று இவன் ஒரு வாரம் தவித்திருக்கிறான். சொன்ன அன்றோடு, இவன் மேசையில் இருக்கும்போது அவர் பாட்டிலை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இதெல்லாம் நான் முன்னாலேயே யோசித்துச் சொன்னவை. யோசிக்காத ஒன்று இருந்தது.

ஒருநாள் காலை ஏழரை மணிக்கு ஃபோன். அவனுக்கு அங்கே ராத்திரி ஒன்பது. அழுகிறான். என்ன மோனே என்றேன். அவனுடைய அறை மாடியில். குளியலறையும் மாடியில். அங்கெல்லாம் குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டை கிடையாது. மரத்தரை. இவன் நம் ஊர்ப் பள்ளிவாசல் ஹவுளில் ஒளு செய்கிற மாதிரி, கால் கழுவித் தண்ணீரைத் தரையில் விட்டிருக்கிறான். ஐந்து வேளையும். மூன்று வாரம். தண்ணீர் பலகைக்குள் இறங்கி, கீழே அவர்கள் உட்காரும் அறையின் மேற்கூரையில் பழுப்பாக ஒரு பெரிய கறை. அதைப் பார்த்ததும் பயந்துபோய் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. "என்னைத் திருப்பி அனுப்பிருவாங்க உஸ்தாதே" என்கிறான்.

எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள். நாயகம் மதீனா வந்தபோது சுமார் ஏழு மாதம் தங்கிய வீடு. பார்க்க வருகிறவர்களுக்கு வசதி என்று நாயகம் கீழ்த்தளத்தில் இருந்தார்கள், அபூ அய்யூபும் மனைவியும் மேலே. அல்லாஹ்வின் தூதர் தலைக்கு மேல் நாம் நடக்கிறோமே என்று அந்த இருவரும் சுவரோரமாக ஒண்டி நடந்தார்கள். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடுமே என்று பதறி, போர்த்திக்கொள்ள இருந்த ஒரே கம்பளியை எடுத்து இருவரும் தண்ணீரைத் துடைத்தார்கள். வேறு போர்வை இல்லை அவர்களிடம். பிறகு நாயகத்திடம் போய் உள்ளதைச் சொல்லி, மேலே வந்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். நாயகமும் மாறிக்கொண்டார்கள்.

இதை ஃபோனில் சொல்லி, "கம்பளியை எடுத்துத் துடைத்தவர் ஒளித்து வைக்கவில்லை மோனே, விடிந்ததும் போய்ச் சொன்னார். நீ இப்போதே கீழே இறங்கிப் போய்ச் சொல்" என்றேன். போனான். அந்த மனிதர் மேலே நிமிர்ந்து கறையைப் பார்த்துவிட்டு, இதை நாங்கள் முதல் வாரமே பார்த்துவிட்டோம், நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தோம் என்றாராம். அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருமாக ஏணி போட்டு அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுப் பலகை வைத்து வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்கிற வேலை இவனுக்கு அங்கேதான் பழகியது. போன மாதம் நம் மதரஸா சுவருக்கு இலவசமாக அடித்தானே, அந்தப் பழக்கம்தான்.

தப்பு என்னுடையதும்தான். ஹலால் ஹராம் எல்லாம் சொல்லி அனுப்பினேன், தண்ணீர் போகிற வழி இல்லாத வீட்டில் எப்படி ஒளு செய்வது என்று சொல்லி அனுப்பவில்லை. ஷாஃபிஈ கிதாபில் தோல் காலுறைக்கு ஒரு பாடமே இருக்கிறது. காலையில் முழுமையாக ஒளு செய்து கால் கழுவித் தோல் காலுறையைப் போட்டுக்கொண்டால், ஊரில் தங்கியிருப்பவன் ஒரு பகல் ஒரு இரவு வரை அதன்மேல் ஈரக் கையால் தடவினால் போதும். பத்து வருஷமாக அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன், நம் ஊர் வெயிலில் ஒருத்தருக்கும் தேவைப்பட்டதில்லை. திருவல்லிக்கேணியில் அவன் மாமா ஒரு ஜோடி வாங்கி அனுப்பி வைத்தார்.

நாய் விஷயமும் கேட்டீர்கள். ஆமாம், அந்த வீட்டில் நாய் இருந்தது. நம் மத்ஹபில் நாயின் எச்சில் கடுமையான நஜீஸ், ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. இதில் சலுகை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் காய்ந்த உடம்பு காய்ந்த துணியில் பட்டால் நஜீஸ் ஒட்டாது. தொழுகை விரிப்பையும் தொழுகிற உடுப்பையும் அலமாரியில் பூட்டி வை, அறைக் கதவைச் சாத்தி வை என்றேன். ஒருநாள் அது கையை நக்கிவிட்டது. இவன் பூந்தொட்டியிலிருந்து மண்ணை அள்ளிக் கை கழுவுவதைப் பார்த்து அந்த அம்மா திகைத்துப் போய்விட்டார்களாம்! காரணத்தைச் சொன்னபோது, உங்கள் மார்க்கத்தில் நாயை வெறுக்கச் சொல்லியிருக்கிறதா என்று கேட்டார்கள். தாகத்தில் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனை அல்லாஹ் மன்னித்த ஹதீஸை இவன் சொல்லியிருக்கிறான். புகாரியில் உள்ள ஹதீஸ், மக்தபில் நம்மிடம் ஓதியதுதான். அன்று முதல் நாய்க்குத் தண்ணீர் வைக்கிற வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள்.

வேலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளிக்கு மூன்று நாள், அதற்கு மேல் போடுவது ஸதகா, வீட்டுக்காரரைச் சிரமத்தில் தள்ளும் அளவுக்கு விருந்தாளி தங்குவது ஆகுமானதல்ல என்பது நபிமொழியின் கருத்து. அப்படியென்றால் பத்து மாதம் தங்குகிறவன் விருந்தாளியாக இருக்கவே முடியாது. வீட்டாளாக மாற வேண்டும். நம் வீட்டு ஆண் பிள்ளைகள் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிறவர்கள். உம்மாமார்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள்தான் காரணம். இவன் முதல் வாரம் அப்படித்தான் எழுந்தான். இரண்டாம் வாரம் சமையலறைச் சுவரில் வேலைப் பட்டியல் ஒட்டினார்கள். வீட்டுக்காரர் பெயர், அவர் மனைவி பெயர், இவன் பெயர். செவ்வாய், வெள்ளி பாத்திரம் இவனுக்கு. பனிக்காலத்தில் வாசலில் பனி வாருவது இவனுக்கு.

டிசம்பரில் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்குள் மஃரிப். அந்த ஊரில் பள்ளிவாசல் இல்லை, பாங்குச் சத்தம் எட்டாத ஊர். ஆகவே ஜும்ஆ கடமையில்லை, லுஹர் தொழு என்றேன். பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு மூலையை அவனுக்கு ஒதுக்கினார்கள். பத்து மாதம் ஜும்ஆ இல்லாமல் இருந்த பிள்ளை, இன்று யாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான். பள்ளிவாசலுக்கு எதிரே கடை வைத்துக்கொண்டு இகாமத்துக்கு ஓடி வருகிறவர்களை நான் எதுவும் சொல்லவில்லை.

2023 மார்ச் 23ஆம் தேதி அங்கே ரமலான் தொடங்கியது. முதல் நாள் ஸஹருக்கு இவன் இருட்டில் சத்தமில்லாமல் இறங்கி ரொட்டியை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். விளக்கு எரிந்தது. அந்த அம்மா எழுந்து வந்து நிற்கிறார்கள். வளர்கிற பிள்ளை காய்ந்த ரொட்டி தின்று பகலெல்லாம் பட்டினி இருப்பதா என்று கோபப்பட்டுவிட்டு, அன்று முதல் கடைசி நோன்பு வரை முட்டையும் கஞ்சியும் வைத்துக் கொடுத்தார்கள். நோன்பு இல்லாத பெண், அதிகாலையில், முப்பது நாள் நெருங்க. நம் வீடுகளில் ஸஹருக்கு யார் எழுந்திருக்கிறார்கள், யார் போர்வைக்குள் இருந்து குரல் கொடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

பெருநாள் அவர்களுக்கு ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. நமக்கு மறுநாள். வீட்டுக்காரர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி சீடர் ராப்பிட்ஸ் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். அந்த ஊரில் 1934இல் கட்டிய ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. மரத்தால் கட்டியது. பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு அமெரிக்காவில் இன்றும் நிற்கிறவற்றில் அதுதான் பழையது, அங்கே தாய்ப் பள்ளி என்கிறார்கள். லெபனான், சிரியா பக்கத்திலிருந்து பிழைக்கப் போன முஸ்லிம்கள் கட்டியது. இவன் புதிய பள்ளியில் பெருநாள் தொழுதுவிட்டு வரும் வரை அந்த மனிதர் காரில் காத்திருந்தார். பிறகு தாய்ப் பள்ளியையும் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள்.

அதே மாநிலத்தில் எல்காடர் என்று ஒரு சிற்றூர். 1846இல் அமைந்தது. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிர் அவர்களின் பெயரை, அவரைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தவர்கள் அந்த ஊருக்கு வைத்தார்கள். ஒரு முஸ்லிமின் பெயரில், ஐயோவாவில், ஒரு ஊர்! அந்த அமீர் பின்னால் தோற்று, பிரான்சில் சிறையிருந்து, டமாஸ்கஸில் போய்க் குடியேறினார். 1860 ஜூலையில் அங்கே கிறிஸ்தவர்கள் மேல் கலவரக் கும்பல் பாய்ந்தது. தன் நாட்டைப் பிடுங்கியவர்கள் கிறிஸ்தவர்கள்தான் என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். தன் ஆட்களோடு தெருவில் இறங்கி ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டி வந்து தன் வீட்டில் வைத்தார், இடம் போதாமல் கோட்டைக்குள் கொண்டுபோய்க் காத்தார். ஆபிரகாம் லிங்கன் அதற்காகக் கைத்துப்பாக்கி ஜோடி ஒன்றை அவருக்குப் பரிசாக அனுப்பினார். அந்த வீட்டுக்காரர் இவனை அந்த ஊருக்குக் கூட்டிப்போய், உங்கள் ஆள் ஒருவர் பெயர் எங்கள் வரைபடத்தில் இருக்கிறது பார் என்று காட்டியிருக்கிறார். ஏழு வருஷம் அரபிக் கல்லூரியில் ஓதிய எனக்கு இது தெரியாது. இந்தப் பிள்ளை வந்து சொல்லித்தான் தெரியும்.

இனி, நீங்கள் நாலு பேர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஹபஷாவின் மன்னர் நஜாஷி நம் ஸஹாபாக்களுக்கு இடம் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். சிலர் பல வருஷம் அந்த நாட்டில் இருந்தார்கள். பிறகு ஒரு சமயம் நஜாஷியின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தது. இமாம் பைஹகீ அறிவிக்கிறார்கள்: நாயகம் (ஸல்) தாங்களே எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். நாங்கள் செய்கிறோமே என்று தோழர்கள் முன்வந்தபோது, இவர்கள் என் தோழர்களைக் கண்ணியப்படுத்தியவர்கள், நானே ஈடு செய்ய விரும்புகிறேன் என்ற கருத்தில் மறுத்துவிட்டார்கள். இதற்கு மேல் நான் என்ன ஃபத்வா கொடுக்க?

மார்க்க விஷயத்தில் நம்மோடு போர் செய்யாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை மும்தஹினா சூரா எட்டாவது வசனத்தில் போய்ப் பாருங்கள். பள்ளிவாசலுக்குள் அவர்கள் வரலாமா என்று கேட்டீர்கள். மக்கா ஹரம் தவிர்த்து, நம் அனுமதியோடு வரலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். துமாமா (ரலி) முஸ்லிமாவதற்கு முன் மூன்று நாள் இருந்தது நபியின் பள்ளியில்தான். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அந்த மனிதரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். மகனைப் போலப் பார்த்த பிள்ளை ஓதிய இடத்தை அவர் பார்க்கட்டும்.

ஆனால் சில விஷயம். முதல் டீ குடிப்பதற்குள் கலிமா சொல்லச் சொல்லி ஒருவரும் ஆரம்பிக்க வேண்டாம். சம்பளம் எவ்வளவு, ஏன் பிள்ளை இல்லை என்று கேட்க வேண்டாம். வாலிபர்கள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டாம். இப்ராஹீம் (அலை) அவர்களிடம் விருந்தாளிகள் வந்தபோது, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் ஓசைப்படாமல் வீட்டுக்குள் போய்க் கொழுத்த கன்றுக்குட்டியோடு வந்தார்கள் என்று தாரியாத் சூராவில் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். அந்த ஓசைப்படாமல் என்பதை முஃபஸ்ஸிர்கள் தனியாக விளக்குகிறார்கள். மரச்சீனியும் மீன் கறியும் போதும், காரத்தைக் குறையுங்கள். அவர்கள் வீடு ரொம்பச் சின்னது என்று வாப்பா வருத்தப்படுகிறார். லாட்ஜில் தங்க வைக்கலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பையன் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு இந்த ஏழு நாளும் நம் மதரஸாவில் படுத்துக்கொள்கிறான்.

இன்னும் ஒன்று. மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தில் தமிழ் படிக்க வருகிற அமெரிக்கப் பிள்ளைகள் அந்த ஊர்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். அதே மாதிரி ஒரு பிள்ளை ஒரு வாரம், பத்து நாள் நம் பக்கம் தங்க வந்தால் எந்த வீடு எடுக்கும் என்று யோசித்து வையுங்கள். எங்கள் பெண் பிள்ளைகள் இப்படிப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மஹ்ரம் இல்லாத பயணம் பற்றிய சட்டம் அதில் இருக்கிறது, மிம்பரில் இரண்டு வரியில் சொல்லக்கூடியது அல்ல. வீட்டாரோடு வாருங்கள், கிதாபை வைத்துப் பேசுவோம்.

எனக்குச் சோறு போட்ட அந்தத் தாய்க்காக இன்று துஆச் செய்யுங்கள். அவர்கள் மகன் ஒருவர் இருக்கிறார் என்று உஸ்தாது சொன்னார். இன்ஷா அல்லாஹ் வருகிற திங்கட்கிழமை காலை ரயிலில் போகிறேன். அன்று லுஹருக்கும் அஸருக்கும் மோதினார் தொழ வைப்பார்.

அல்லாஹும்மஃக்ஃபிர் லஹா வர்ஹம்ஹா. யா அல்லாஹ், எங்களுக்கு உணவளித்தவர்களுக்கு நீ உணவளிப்பாயாக. எங்கள் பிள்ளைகளைத் தூர தேசங்களில் காத்தவர்களுக்கு நீ நேர்வழியையும் நல்ல கூலியையும் தருவாயாக. ஆமீன்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் உள்ள இடத்தை நிரப்பி உட்காருங்கள்.